கண்டனீரோ அக்கா

நான் ஒரு மடையன். இதை நானே முதலில் சொல்லிவிட்டால் வாசிப்பவர்களுக்கு அந்தச் சிரமம் மிச்சம். பணிவுக்காகச் சொல்லவில்லை, எழுத்தில் ஆதாரம் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்ச் மாதக் காலை, மொன்றியல் தீவுக்கு வடக்கே பாலம் தாண்டியதும் ஆற்றங்கரையில் இருந்த ஒரு கரவன் பூங்காவில், நாற்பத்திரண்டு கரவன்களிலும் உள்ள தீயணைப்புக் குடுவைகளைப் பரிசோதித்து வரும்படி என்னை அனுப்பினார்கள். வெளியே முழங்கால் வரை பனி. அலுவலகத்தில் ஹீற்றர். நான் ஹீற்றருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, தேநீர் ஆறுவதற்குள் நாற்பத்திரண்டு கட்டங்களிலும் சரி அடையாளம் போட்டு முடித்தேன். எல்லாம் சரி என்றால் சந்தேகம் வருமே என்று, ஒரு கலைஞனுக்குரிய கவனத்தோடு, முப்பத்தெட்டாம் இலக்கத்துக்கு நேரே மட்டும் 'அமுக்கம் சற்றுக் குறைவு' என்று எழுதினேன்.

பூங்காவில் எங்களுக்கு மேலாளாக இருந்த அக்கா தாளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பத்தெட்டைக் கண்டனீரோ?"

"ஓம் அக்கா. கதவடியிலைதான் தொங்குது."

"வாரும், காட்டும்."

பனியை மிதித்துக்கொண்டு பின்னால் போனேன். முப்பத்தெட்டாம் இலக்கம் இருந்த இடத்தில் நான்கு சீமெந்துக் கற்கள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. கரவன் இல்லை. அது போன இலையுதிர்காலத்திலேயே விற்கப்பட்டு லொறியில் இழுத்துச் செல்லப்பட்டுவிட்டது. அக்கா என்னை அந்த நான்கு கற்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டு, துளிக்கூடச் சிரிக்காமல் கேட்டார்:

"இதிலை கதவு எந்தப் பக்கம்?"

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் தபாற்கந்தோரில் முத்திரை குத்தியவன் நான். கடிதத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் வேலையாக இருந்ததில்லை. மேலே குத்தி அடுத்ததை எடுப்பதுதான் வேலை. முப்பத்தாறு வயதில் கனடாவுக்கு வந்தபோது என்னோடு அந்தக் கையும் வந்துவிட்டது.

அக்காவின் பெயரை எழுதமாட்டேன். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. ஆனால் எப்படியோ இதை வாசித்துவிட்டு, இதில் எந்த வரி நீர் கண்டது, எந்த வரி சும்மா அடித்துவிட்டது என்று தொலைபேசியில் கேட்பாரோ என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. பூங்காவில் வேலை செய்த நாங்கள் மூன்று தமிழர்களும் எங்களுக்குள் அவரைக் கண்டனீரோ அக்கா என்றுதான் சொல்லுவோம். அந்த ஒரு சொல்லைத்தான் அவர் நாள் முழுக்கக் கேட்பார். பம்ப் ஓடுகிறது என்றால் கண்டனீரோ. குழாய் வெடிக்கவில்லை என்றால் கண்டனீரோ. இண்டைக்கு மழை வருமாம் என்று ஒருநாள் சொன்னேன். உடனே வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

குட்டையான பெண்மணி. ஐம்பதை நெருங்கியிருப்பார். ஆண்கள் போடும் தடித்த ஜக்கெற், கயிறு கட்டிய கண்ணாடி, கையில் சவர்க்காரத் தண்ணீர் நிறைத்த பழைய ஐஸ்கிரீம் வாளி, அதற்குள் ஒரு பெயின்ற் தூரிகை. காஸ் சிலிண்டரின் பூட்டுகளில் அந்தத் தண்ணீரைப் பூசிவிட்டு, குமிழி வருகிறதா என்று மூக்கு முட்டுமளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். கரவன்களுக்கு அடியில் புகுந்து குழாய்களைத் தடவிப் பார்ப்பதால் அவருடைய காற்சட்டையின் முழங்கால்கள் எப்போதும் ஈரமாகவே இருக்கும். புரோசார்ட்டிலிருந்து இரண்டு பாலங்கள் தாண்டிக் காரோட்டி வருவார். காலையில் ஏழரைக்கு நாங்கள் போகும்போதே முழங்கால் நனைந்திருக்கும்.

பூங்காவின் பராமரிப்பும் விதிமுறைகளும் அவர் பொறுப்பு. தண்ணீர், மின்சாரம், மலக்குழி, காஸ், தீயணைப்பு எல்லாம் ஒழுங்கு என்று அவர் கையெழுத்து வைத்தால்தான் நகரசபை மே மாதத்தில் பூங்காவைத் திறக்கவிடும். கோடையில் நகரத்துக்காரர்கள் வந்து தங்குவார்கள். ஒக்ரோபரில் பூட்டினால் அடுத்த மே வரைக்கும் ஓர் ஆள்கூட உள்ளே தங்கக்கூடாது. ஆற்றில் ஐஸ் உடைகிற காலத்தில் தண்ணீர் எப்போது ஏறும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் அப்படி ஒரு விதி. இந்த விதியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருக்கவில்லை.

மூன்றாம் இலக்கக் கரவனில் கோடைதோறும் ஒரு கியூபெக் கிழவர் தங்குவார். நல்ல மனிதர், நல்ல வயிறு. அவசர சன்னலுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டிருந்தார். அக்கா அதைத் தள்ளச் சொன்னார். தள்ள வேண்டியதில்லை, ஆபத்து வந்தால் கட்டிலில் ஏறிக் குதித்துவிடுவேன் என்றார் கிழவர்.

"சரி மெஸ்யே, குதியுங்கள், பார்ப்போம்" என்றார் அக்கா பிரெஞ்சில்.

கிழவர் வீராப்பாக ஏறினார். தலை வந்தது, தோள் வந்தது, வயிறு வரவில்லை. கால்கள் உள்ளே உதைக்க, தலை வெளியே திட்டியது. இந்த ஊரில் கோபம் வந்தால் கத்தோலிக்கக் கோயில் பாத்திரங்களின் பெயர்களைச் சொல்லித்தான் திட்டுவார்கள். அன்று அந்தக் கோயிலில் ஒரு பாத்திரமும் மிச்சமிருக்கவில்லை. நான் முன்னால் நின்று இழுத்தேன். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாலு நிமிசம். இந்தச் சாமான் பத்தி முடிய ரெண்டு நிமிசம் காணும்" என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, கிழவரிடம், "மெஸ்யே, நீங்கள் இரண்டு தரம் செத்துவிட்டீர்கள்" என்றார்.

மறுநாள் கட்டில் இடம் மாறியது. அதற்கடுத்த கிழமை கிழவர் ஒரு போத்தல் மேப்பிள் பாணி கொண்டுவந்து கொடுத்தார். அக்கா மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "சரி" என்றார். நன்றி சொன்னாரா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு எங்களிடம் நான்கு கதைகள் இருந்தன. பழைய காலத்தில் ஏதோ ஒரு பட்டியலில் யாரோ ஒருவருடைய பெயர் விட்டுப்போனது என்று ஒன்று. காஸ் அடுப்பு வெடித்தது என்று இன்னொன்று. மற்ற இரண்டையும் நானே கட்டிவிட்டேன். ஒருநாள் தைரியம் வந்து நேரே கேட்டேன். அவர் வாளியைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"எந்தக் கதை உமக்கு வசதியோ அதை வைச்சிரும். அந்த நட்டை இறுக்கும்."

ஒருமுறை என் மகளின் பிறந்தநாளுக்குச் செயின்ட்-மிஷேலில் இருந்த எங்கள் வீட்டுக்கு அவரை அழைத்திருந்தேன். மூன்றரை அறை வீடு, அந்த அரை குளியலறை. வாடகைப் பத்திரத்தில் நான்கு பேர். உண்மையில் எட்டுப் பேர். இதை வெளியூர் வாசகருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் சீருடைக்காரர் வாசலில் நின்று வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், தாளில் இருக்கிற எண்ணிக்கையைத்தான் வாய் சொல்லும். அதற்கு மேலே இருக்கிற ஆட்கள் அந்த நேரத்தில் கிணற்றுக்குப் பின்னால் இருப்பார்கள், அல்லது இருக்கவே மாட்டார்கள். எண்ணிக்கை கேட்டால் குறைத்துச் சொல், கதவு தட்டினால் மூச்சு விடாதே. நடக்கப் பழகிய கையோடு பழகியது இது. மொன்றியலில் தட்டியவர் கட்டடக் காவலாளி என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அன்று அக்கா கதவைத் தட்டிய தட்டு, அச்சொட்டாகக் காவலாளியின் தட்டு. தாளில் இல்லாத நான்கு பேரும் சோற்றுக் கோப்பைகளோடு குளியலறைக்குள் பாய்ந்து, தொட்டிக்குள் ஏறித் திரையை இழுத்துவிட்டார்கள். நான் கதவைத் திறந்து, அக்காவைக் கண்டு, நிம்மதியில் அவர்களை மறந்தே போனேன். அக்கா வந்ததும் முதலில் புகை மணியை அமத்திப் பார்த்தார். சத்தம் வரவில்லை. அதன் பற்றரி தொலைக்காட்சியின் ரிமோட்டுக்குள் இருந்தது. பிறகு கை கழுவப் போனார். குளியலறையில் ஒரு திரை மூடியிருந்தால் அதைத் திறந்து பார்க்காமல் வருகிற ஆள் அவர் இல்லை.

நான் ஓடிப்போனபோது தொட்டிக்குள் நான்கு பேரும் வாயில் சோற்றோடு வரிசையாக நின்றார்கள். அக்கா விரலை நீட்டி, நெல் அளப்பவர்களைப் போல, ஒன்றுக்குப் பதில் லாபம் என்று தொடங்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"லாபம், ரெண்டு, மூண்டு, நாலு." என்னைத் திரும்பிப் பார்த்தார். "கதவு ஒண்டு. சன்னல் சின்னன். நெருப்பு வந்தால் இதிலை ஆரார் எந்தப் பக்கத்தாலை?"

கேக் வெட்டுவதற்கு முன் அந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நால்வருக்கும் இடம் பிரித்துக் கொடுத்தார். குண்டானவருக்குக் கதவு.

இவ்வளவையும் கண்ட பிறகும் நான் செய்ததைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

குடுவைக் கூத்து நடப்பதற்குக் கொஞ்சம் முன்னால், பெப்ரவரியில் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். அகதி விண்ணப்பம், ஜூன் மாதத்தில் விசாரணை. வீட்டில் எட்டு ஒன்பதானது. காவலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம் போடப்போவதாக மிரட்டினார். மனைவி அழுதாள். நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். ஆற்றோரமாக, கடைசி வரிசையில் இருந்த இருபத்தாறாம் இலக்கக் கரவனின் பூட்டை மாற்றி, ஒரு மின்சார ஹீற்றரையும் வைத்து, மைத்துனனை அங்கே குடியேற்றினேன். செவ்வாயும் வியாழனும் அவனுக்குப் பிரெஞ்சு வகுப்பு. இருட்டோடு எழும்பி வேலிக்குப் பின்னால் நடந்து பஸ் எடுப்பான். மற்ற நாட்களில் உள்ளேயே இருப்பான்.

"ஆர் தட்டினாலும் திறவாதை" என்று சொல்லிக் கொடுத்தேன். "பிரெஞ்சிலை கத்தினால் கட்டிலுக்குக் கீழை போ. மூச்சு விடாதை."

"நீங்கள் கூப்பிட்டால், அத்தான்?"

"என்ர குரலுக்கும் திறவாதை. பிடிச்சு வைச்சுக் கூப்பிட வைப்பாங்கள். நான் குறிச்சொல் சொன்னால்தான் திறக்கலாம்."

குறிச்சொல் கத்தரிக்காய். பிறகு அது எளிதாகிவிட்டது என்று முருங்கைக்காய் ஆக்கினேன். பிறகு அதையும் மாற்றினேன். எந்தப் படைத் தளபதிக்கும் இவ்வளவு மகிழ்ச்சி கிடைத்திருக்காது.

அக்கா மோப்பம் பிடிக்கத் தொடங்கினார். முதலில் சாப்பாடு.

"என்ன காணும், ரெண்டு பெட்டி?"

"குளிருக்குப் பசி கூட அக்கா."

"ரெண்டு பெட்டி சாப்பிடுற ஆள் மெலிஞ்சுகொண்டு போறீர்."

பிறகு ஏப்ரல் முதல் கிழமையில் கூரை. மற்ற நாற்பது கரவன்களின் கூரையிலும் பனி ஒரு முழ உயரத்துக்கு இருந்தது. இருபத்தாறில் மட்டும் இல்லை. துடைத்து வைத்ததுபோலப் பளபளத்தது.

"அங்கை வெயில் நேரை விழுது அக்கா" என்றேன்.

அவர் பக்கத்திலிருந்த இருபத்தைந்தையும் இருபத்தேழையும் பார்த்தார். சூரியனையும் ஒரு தரம் பார்த்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் ஒரு கிழமைக்குப் பிறகு, புதன்கிழமை பின்னேரம், இருபத்தாறின் கதவடியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். அவருடைய திறப்பு பூட்டுக்குள் போகவில்லை. கதவை மூன்று தரம் தட்டினார். உள்ளே ஓர் அசுமாத்தமும் இல்லை. சன்னல்களில் திரை. மைத்துனன் நான் சொல்லிக் கொடுத்ததை அவ்வளவு நேர்த்தியாகச் செய்துகொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் பெருமையும் பயமும் ஒன்றாக வந்தன.

"பூட்டுப் பழுதாப் போச்சு, நான்தான் மாத்தினனான் அக்கா. திறப்பு வீட்டிலை."

"அப்ப உடைப்பம்."

"என்னத்துக்கு அக்கா நல்ல பூட்டை? நாளைக்குக் காலமை கொண்டு வாறன்."

அவர் கதவுப் பிடியை இன்னொரு தரம் திருகிப் பார்த்தார். அவரை இரண்டு வருடம் பார்த்திருக்கிறேன், ஒரு காரியத்தை நாளைக்கு என்று விட்டதை அந்த ஒரு தரம்தான் கண்டேன். "காலமை எட்டு மணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை அவர் போன பிறகு மைத்துனனிடம் ஓடினேன். "நாளைக்கு வகுப்புக்கு வெளிக்கிடேக்கை சாமானெல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போ. இஞ்சை திரும்பி வராதை." அவன் தலையாட்டினான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் திறப்போடு போனேன். இருபத்தாறு காலியாக இருக்கும், திறந்து காட்டலாம், விஷயம் முடிந்தது என்று ஒரு பாட்டை முணுமுணுத்தபடி போனேன். போன இடத்தில் பாதை இல்லை.

ஆற்றில் கீழே, பாலத்தடியில் ஐஸ் அடைத்துக்கொண்டுவிட்டது. தண்ணீருக்குப் போக வழியில்லை, பூங்காவுக்குள் ஏறியது. நான் அலுவலக மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆற்றோரத்துக் கடைசி வரிசையில் தண்ணீர் சில்லுகளை மூடியிருந்தது. மேசை அகலமான ஐஸ் பாளங்கள் மெதுவாக வந்து கரவன்களில் முட்டின. பதினெட்டாம் இலக்கம் கற்களை விட்டு எழும்பி, நிதானமாகத் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டியது.

தீயணைப்புப் படை விடிவதற்கு முன்னமே வந்திருந்தது. ஒரே ஒரு படகு. வீரர்கள் இடுப்பளவு ரப்பர் உடுப்போடு, வோக்கி-டோக்கியில் கத்தியபடி, கதவு கதவாக அடித்துக் கேட்டுக்கொண்டு போனார்கள். யாராவது இருக்கிறீர்களா? பதில் இல்லாத கதவில் செம்மஞ்சள் நாடா. இருபத்தாறிலும் அடித்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பதில் இல்லை. நாடா கட்டினார்கள். போய்விட்டான், வகுப்பில் இருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மீசை வைத்த தலைவர் ஒரு தாளோடு அக்காவிடம் வந்தார். "மதாம், உள்ளே ஒருவரும் இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள். அடுத்த தெருவில் முதியோர் இல்லம் இருக்கிறது. படகு அங்கே போக வேண்டும்."

அக்கா பேனாவை வாங்கினார். தன் கரவனைப் பார்க்க ஓடிவந்து நின்ற கியூபெக் கிழவரைத் தொட்டு எண்ணினார். மற்ற இரண்டு வேலையாட்களைத் தொட்டார். என்னைத் தொட்டார்.

"உம்மடை வரிசை, கடைசி. ஆக்கள் இல்லையோ?"

"இல்லை அக்கா."

"கண்டனீரோ?"

இரண்டு வருடமாகக் கேட்ட கேள்வி. இரண்டு வருடமாக நான் சிரித்த கேள்வி. ஆள் உள்ளே இருந்தது தெரிந்தால் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை. ஜூன் விசாரணையில் அதைத் தூக்கிவைத்து அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான் உறுதியாக நம்பினேன். யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. நானே சொன்னது. போய்விட்டவனுக்காக எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று ஒரு மனம். போனதை நீ கண்டாயா என்று இன்னொரு மனம், அதுவும் அக்காவின் குரலில்.

"கண்டனான்" என்றேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பேனா தாளுக்கு மேலே நின்றது.

"மதாம்!" என்றார் தலைவர். "அங்கே நடக்க முடியாத கிழவர்கள் காத்திருக்கிறார்கள்."

"தெரியும். இவர் கண்டதாகச் சொல்கிறார். நான் காணவில்லை." பேனாவின் மூடியைப் போட்டார். பிறகு என்னிடம், யாருக்கும் கேட்காத குரலில் தமிழில் சொன்னார்: "நேற்று உடைச்சிருக்க வேணும். என்ர பிழை. இப்ப சொல்லும். ஒருத்தரும் உம்மைத் தின்னமாட்டினம்."

தண்ணீர் இருபத்தாறின் கதவுப் படியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"உள்ளுக்கை ஆள் இருக்கலாம் அக்கா."

"எத்தினை பேர்?"

"ஒராள்."

"மெய்யே? குறைச்சுச் சொல்லாதையும்."

"சத்தியமாய் ஒராள். என்ர மைத்துனன். அவன் திறக்கமாட்டான் அக்கா, நான்தான் திறவாதை எண்டு..."

அவர் மிச்சத்தைக் கேட்கவில்லை. தலைவரிடம் விரலை உயர்த்தி, "ஒருவர்" என்றார். தலைவர் ஒரு கோயில் பாத்திரத்தின் பெயரைச் சொன்னார். உள்ளே இருப்பவனுக்குப் பிரெஞ்சு புரியாது, தமிழில் கூப்பிட வேண்டும் என்று அக்கா சொன்னதால் எங்கள் இருவருக்கும் மிதவை உடுப்பு மாட்டிப் படகில் ஏற்றினார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. படகின் விளிம்பை நான் பிடித்திருந்த பிடியில் அதில் விரல் அடையாளம் விழுந்திருக்கும்.

இருபத்தாறு ஆடிக்கொண்டிருந்தது. பெரிய பாளம் ஒன்று அதன் பக்கவாட்டில் வந்து சாய்ந்து நின்றது. இன்னொன்று வந்தால் புரளும் என்று வீரர் ஒருவர் சொன்னார். திறப்பு என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் கதவு வெளிப்பக்கம் திறப்பது, தண்ணீர் அதை இறுக்கிப் பிடித்திருந்தது. உள்ளிருப்பவன் அவசர சன்னலைத் திறந்தால்தான் உண்டு.

நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. அப்போதுதான் குறிச்சொல் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்றால், அப்படி ஒன்று இருந்தது என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

"கத்தரிக்காய்!" என்று கத்தினேன். "முருங்கைக்காய்! டேய், பாகற்காய்! பூசணிக்காய்!"

படகில் இருந்த வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "உங்கள் சகா என்ன சொல்கிறார்?" என்று ஒருவர் அக்காவிடம் கேட்டார்.

"மரக்கறி" என்றார் அக்கா.

அவர் என் தோளைப் பிடித்து அமத்தி உட்கார வைத்துவிட்டு எழுந்து நின்றார். படகு ஆடியது. அவர் சத்தம் போட்டுப் பேசி அன்றுவரை நான் கேட்டதில்லை.

"தம்பி! நான் இந்த இடத்துக்குப் பொறுப்பான ஆள். நேற்றுத் தட்டினதும் நான்தான். இது ஆமி இல்லை, பொலிசும் இல்லை. ஆறு வருகுது. உம்மை நான் கணக்கிலை சேர்த்திட்டன். நீர் வராமல் நானும் போகேலாது. சன்னலைத் திறவும்!"

ஒன்றும் நடக்கவில்லை. பாளங்கள் உரசும் சத்தம், பல்லை நெருடுவதுபோல. நான் எண்ணத் தொடங்கினேன். எதற்கு எண்ணினேன் என்று தெரியாது.

பிறகு சன்னல் திரை ஒரு விரல் அளவுக்கு விலகியது. ஒரு கண். அந்தக் கண் வீரர்களின் சீருடையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, கடைசியாக அக்காவில் வந்து நின்றது. கொளுக்கி கழன்றது. முதலில் ஒரு பிளாஸ்ரிக் பை வந்தது, அவனுடைய விசாரணைப் பத்திரங்கள். பிறகு கை, தலை. இடுப்புவரை நனைந்திருந்தான். வீரர்கள் இருவர் அவனைப் பிடித்து இழுத்துப் படகில் போட்டார்கள். நாங்கள் மேட்டில் ஏறி நின்று திரும்பியபோது இருபத்தாறு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. எப்போது சாய்ந்தது என்று நான் காணவில்லை.

போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டிருந்த மைத்துனன் என்னைக் கண்டதும் சிரித்தான்.

"வெளிக்கிடத்தான் எழும்பினன் அத்தான். யன்னலாலை பாத்தால் சீருடை, வோக்கி-டோக்கி, வீடு வீடாய் அடிக்கிறாங்கள். ஊரிலை மாதிரி ஆமி சுத்திவளைப்பெண்டு நினைச்சன். தண்ணி கட்டிலுக்கு ஏறிட்டுது, ஆனால் நான் மூச்சுக்கூட விடேல்லை."

பாராட்டை எதிர்பார்த்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா வந்து அவன் தலையில் கையை வைத்து, உதட்டுக்குள் எண்ணிக்கையை முடித்துவிட்டு, தலைவரின் தாளை வாங்கிக் கையெழுத்து வைத்தார். படகு முதியோர் இல்லத்துக்குப் போனது. அங்கே எல்லோரையும் பத்திரமாக இறக்கினார்கள் என்று பின்னேரம் அவரே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஜூன் விசாரணையில் கரவனைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் பயந்த பயம் அத்தனையும் வீண்.

எட்டு நாள் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் ஒன்றையும், அதற்குக் காரணமாக அக்காவின் அறிக்கையிலிருந்து பிரதி எடுத்த ஒரு பக்கத்தையும் தந்தார். மேல் மூலையில் நான்கு என்று இலக்கம். எனக்கிருந்த பிரெஞ்சுக்கு அதை வாசிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. பூட்டு மாற்றியது, ஆளை வைத்தது, காணாமல் கண்டதாகச் சொன்னது, எல்லாம் இருந்தன. ஒவ்வொரு பந்தியிலும் என் பெயர். குடுவைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. பொய் ஒரு சொல்லும் இல்லை. அதுதான் இன்னும் அதிகமாகச் சுட்டது.

வாகனத் தரிப்பிடத்தில் அக்கா தன்னுடைய காரின் பின்பக்கத்தில் வாளியையும் சப்பாத்தையும் ஜக்கெற்றையும் ஏற்றிக்கொண்டிருந்தார். மே மாதம் பூங்கா திறப்பதற்கு முன் கழுவக் கொண்டுபோகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். நேரே போய்த் தாளை நீட்டினேன்.

"நான் செய்தது பிழைதான் அக்கா, இல்லையெண்டேல்லை. அதுக்காக இப்பிடியோ? உங்களோடை ரெண்டு வருசம் சேத்துக்குள்ளை புரண்டவன். நாலாம் பக்கம் முழுக்க நான்தான்!"

அவர் காரின் மூடியை அறைந்து சாத்தினார்.

"முதல் மூண்டு பக்கமும் நான்."